கொடைக்கு வரி கேட்பதுபோல் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனித உரிமை வழக்குகள் நடத்தும் ஓர் அமைப்புக்கு 2021 தொடக்கத்திலிருந்து மாசம் 500 ரூபாய் கொடுத்து வந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கோர்ட்டுக்கு அலைகிற வக்கீல்களுக்குத்தான் கெட்ட பெயர், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தமெல்லாம் அவர்கள் பெயரில் பணம் கேட்கும் விதத்தில்தான், அதிலும் பாதி நியாயம் அவர்கள் பக்கம் இருப்பதால் யாரையும் திட்டவும் முடியாமல் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன் “சார், ரெண்டே நிமிஷம்” என்று நிறுத்தினான். சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் செத்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம், அவன் அதைத்தான் பேசினான். எனக்கு அவன் பேசவே வேண்டியதில்லை. 1999 ஜூலை 23ஆம் தேதி கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களைக் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் போலீஸ் அடித்து விரட்டியதில், ஒன்றரை வயதுக் குழந்தையோடு சேர்த்து 17 பேர் தாமிரபரணியில் செத்தார்களே, அப்போது நான் கூட்டுறவு வங்கியில் கிளார்க். மறுநாள் பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியபோது எப்போதும் சளசளவென்று பேசிக்கொண்டு வருகிற கூட்டம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஞாபகத்தில்தான் பையன் நீட்டிய டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தால், அவன் அந்த அமைப்பின் ஆளே இல்லை. ஆள்பிடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை, மாசத்துக்கு இத்தனை பேர் என்று டார்கெட், போன மாசம் குழந்தைகள் இதய ஆபரேஷனுக்குக் கேட்டானாம், இந்த மாசம் மனித உரிமை. நான் கொடுப்பதில் முதல் சில மாசப் பணம் கம்பெனிக்குத்தான் போகும் என்றும் அவனே சொன்னான். பாவம், உண்மையைச் சொல்லத் தெரிந்த பையன்.

சரி, அதுகூடப் பரவாயில்லை. அதன் பிறகு வந்த போன்கள் இருக்கிறதே! மத்தியானம் கண் அசந்த நேரமாகப் பார்த்து, எங்கிருந்தோ ஒரு பெண், எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துக்கொண்டு, 500ஐ ஆயிரமாக ஆக்கினால் ஒரு குடும்பத்துக்கு நீதி கிடைக்கும் என்றார். முடியாதும்மா, பென்ஷன்காரன் என்றால், “அப்படியானால் 750 போடட்டுமா சார்?” மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம்கூட இவ்வளவு வேகமாக இறங்காது. வருமான வரியில் 80ஜி சலுகை உண்டு என்று ஆசை வேறு காட்டினார். புதிய வரிமுறைக்கு மாறியவனுக்கு அந்தக் கழிவே கிடையாது என்று நான்தான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

தபாலில் வந்த ஒரு நோட்டீஸ்தான் என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணியது. யாரோ ஓர் ஆளின் அடிபட்ட முகம் முழுப் பக்கத்துக்கு, அதற்குக் கீழே க்யூஆர் கோடு. அந்த ஆளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கலாம். அந்த முகத்தை இத்தனை வீட்டுக்கு அனுப்பச் சம்மதம் கேட்டார்களா என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

எங்கள் தெருவில் சத்துணவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா இருக்கிறார். அவரும் அந்தப் பையனிடம் 200 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டவர்தான். கணக்கில் பணம் இல்லாத ஒரு மாசம் ஆட்டோ டெபிட் திரும்பிப் போனதற்கு அவருடைய வங்கி போட்ட அபராதம் அந்த 200ஐ விட அதிகம். தர்மம் பண்ணப் போய் தண்டம் கட்டிய கதை.

இப்போது மறுபக்கம். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, வருகிற பணத்தில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை என்று இருந்ததை 20ஆகக் குறைத்தார்கள், ஓர் அமைப்பு வாங்கியதை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கவும் கூடாது என்றார்கள். பெரிய அமைப்புகளை நம்பி மாவட்டத்தில் வேலை பார்த்த சின்ன அமைப்புகளுக்கு இது பெரிய அடி. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பள்ளிக்கூடக் கழிப்பறைக்கு வரும், மரக்கன்றுக்கு வரும், லாக்கப் அடி வழக்குக்கு யார் கொடுப்பார்கள்? அரசாங்கத்திடம் கேட்க முடியாது, வழக்கே அரசாங்கத்தின் மேல்தான். நெருக்கடி நிலைக் காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கி வைத்த மக்கள் சிவில் உரிமைக் கழகம் நிதி நிறுவனங்களிடம் கை நீட்டாமல் உறுப்பினர்கள் காசிலேயே ஓடுகிறது, வாஸ்தவம். ஆனால் வருஷக்கணக்கில் வாய்தா வாங்கும் வழக்குக்குச் சம்பளம் கொடுத்து வக்கீல் வைக்கிறவர்களுக்கு மாசாமாசம் பணம் வந்தே ஆக வேண்டும். அவர்கள் எங்களைப் போன்றவர்களிடம்தான் வருவார்கள், வரட்டும்.

கேட்கிற விதத்தைத்தான் சொல்கிறேன். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். யாரும் அழுது கேட்பதில்லை. கொடை முடிந்ததும் கோயில் முன்னால் உட்கார்ந்து வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு என்று வாசிப்பார்கள். மேளத்துக்கு ஏன் இத்தனை என்று எவனாவது ஒருவன் எழுந்து சண்டை போடுவான், அவனும் அடுத்த வருஷம் வரி கொடுப்பான். இந்த அமைப்போ ஆர்டிஐ போட்டு அரசாங்கத்தின் கணக்கைக் கேட்கிறது, நான் அந்த ஆள்பிடிக்கும் கம்பெனிக்குக் கொடுத்தது எவ்வளவு என்று கேட்டால் ஆண்டறிக்கையைப் பாருங்கள் என்கிறது. பார்த்தேன், “நன்கொடையாளர் தொடர்பு” என்று ஒரே வரியில் ஒரு மொத்தத் தொகை. வருஷத்துக்கு ஒரு நாள் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்து, இந்த மாவட்டத்தில் என்ன வழக்கு எந்த நிலையில், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வாசித்தால் என்ன? டீச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிட்டு இந்த வருஷம் 6,000 ரூபாயை மொத்தமாக அனுப்பினேன், இனிமேல் போன் வேண்டாம் என்று ஒரு வரியும் எழுதி. நாலாம் நாள் நன்றி சொல்வதற்கென்று போன் வந்தது. நன்றியைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வருஷத்துக்கு 7,500 என்று குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை