சின்னத்தை மாற்றுகிறோம், மாப்பிள்ளை

மதுரை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட வேண்டும், சிவகாசியே தூங்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவிலும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அத்தையின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே அம்மா சுகம். சின்னவள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

நன்றாக ஓடுகிற எங்கள் மென்பொருளுக்கு இப்போது எதற்குப் புதுச் சின்னம் (லோகோ) என்று கேட்டிருந்தாய். இந்த உறைக்குள் ஒரு பில் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். வெயிலில் வைத்துவிடாதே, எழுத்து போய்விடும். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வாங்கியது. அங்கே எங்கள் பில்லிங் மென்பொருள்தான். அடியில் கரி அப்பியதுபோல ஒன்று தெரிகிறதே, அதுதான் எங்கள் சின்னம். கணினித் திரையில் அது நீலத்திலிருந்து மெல்ல ஊதாவாக மாறும், ஓரத்தில் மயிரிழைக் கோடுகள் ஓடும், லட்சணமாகவே இருக்கும். சூட்டால் பில் அச்சிடும் தெர்மல் பிரின்டருக்கோ கறுப்பு ஒன்றுதான் தெரியும். 58 மில்லிமீட்டர் தாளில் குறுக்கே 384 புள்ளிகள்தான் அதற்குக் கிடைக்கும் இடம். அதில் இந்த நிறக்குழைவும் மெல்லிய கோடும் எப்படி நிற்கும்? எங்கள் பெயரை மக்கள் அதிகம் பார்ப்பது அந்தத் தாளில்தான். அங்கே நிற்காத சின்னம் வேறு எங்கே நின்றும் பயனில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அலுவலகங்களில் செய்தி பரிமாறும் செயலியான ஸ்லாக்கின் பழைய சின்னத்தில் 11 நிறங்கள். 18 டிகிரி சாய்வு கொஞ்சம் பிசகினாலும், வெள்ளையல்லாத பின்னணியில் வைத்தாலும் பார்க்கச் சகிக்காது. 2019-ல் அதை எளிமையாக்கினார்கள். காரணம் இருந்தது, மாற்றம் நிலைத்தது. கேப் என்ற துணி நிறுவனம் 2010-ல் சின்னத்தை மாற்றியபோது வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பிவிட்டது. அலுவலகத்தில் நான் வாதாடியது இதற்காகத்தான்: கடைக்காரரிடம் காரணம் சொல்ல முடிகிற மாற்றத்தை மட்டும் செய்வோம்.

முதலில் வந்த வடிவமைப்பாளர்கள் கோபுரத்தை வரைந்து, அதற்குள் மின்சுற்றுக் கோடுகளை ஓடவிட்டிருந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. மீனாட்சி கோயில் கோபுரம் எனக்கும் உயிர்தான். ஆனால் மதுரையில் டிராவல்ஸ், ஓட்டல், மசாலா பாக்கெட் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக் கடைக்காரருக்கு அது கணக்கைப் பற்றி என்ன சொல்லும்? பழைய சின்னத்தில் இருந்த டிக் குறியையே வைத்துக்கொண்டோம். கடைப் பையன்கள் நிறுவனத்தின் பெயரையா சொல்கிறார்கள்? 'டிக் போட்ட சாப்ட்வேர்' என்றுதானே கேட்கிறார்கள்! குறியைத் தடித்து, ஓரக் கோடுகளை எடுத்து, ஒரே நிறமாக்கியாயிற்று. பிரவுசர் டேபில் வரும் 16 பிக்சல் குட்டிக் கட்டத்திலும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

தமிழ் எழுத்துக்காகத்தான் அதிகம் போராடினேன். பெயரை ஆங்கிலத்தில் அழகாக வரைந்துவிட்டு, கிடைத்த எழுத்துருவில் தமிழைக் கீழே ஒட்டுவது இங்கே வழக்கம். இந்த முறை இரண்டையும் ஒன்றாக வரையச் சொன்னேன். ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில் 'மீ' என்று போட்டால் மேல்சுழி வெட்டுப்படும். 'மூ' என்று போட்டால் அடி கீழ்வரியில் இடிக்கும். 'சேவ்' இருந்த பொத்தானில் 'சேமிக்கவும்' பிதுங்கும். திரைக்கு ஹிந்த் மதுரை எழுத்துருவை எடுத்திருக்கிறோம். நம் ஊர்ப் பெயர் என்பதற்காக இல்லை. இந்தியன் டைப் பவுண்டரி அதில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒன்றுக்கொன்று இணையாக வரைந்திருக்கிறது, கட்டணமும் கிடையாது.

வெளிர்சாம்பல் எழுத்துகளையும் ஒழித்தாயிற்று. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது, பார்வை குறைந்தவர்களும் படிக்க வகுத்த இணைய அணுகல் விதி. வயதான கணக்குப்பிள்ளை கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படிப்பதைப் பார்த்தவனுக்கு அந்த விதியே தேவையில்லை. பொத்தான்களின் இடத்தை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் பில் போடும் பெண்ணின் விரல் திரையைப் பார்த்துக்கொண்டா போகிறது?

இனி உன்னிடம் ஒரு வேலை. நாங்கள் தேர்ந்தெடுத்த நீலம் திரையில் பளிச்சென்று இருக்கிறது. நான்கு வண்ண ஆப்செட்டில் மங்கிவிடுமோ என்று பயப்படுகிறேன். அந்த நீலத்துக்கென்றே கலந்த தனி மை ஓட்டினால் இன்னொரு பிளேட் செலவு ஆகும். வழுவழுப்பான ஆர்ட் பேப்பரிலும் சாதாரண மேப்லித்தோ தாளிலும் இரண்டு விதமாகவும் ப்ரூஃப் போட்டு அனுப்பு. காலண்டர் வேலை ஓய்ந்த பிறகு போதும். விசிட்டிங் கார்டும் லெட்டர்பேடும் உன் அச்சகத்தில்தான் அடிப்போம். நண்பன் என்று குறைக்காமல், எல்லோருக்கும் போடுகிற விலையையே போட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்