அகல டயர் கேட்டு வரும் அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்

வணக்கம்.

புரட்டாசி பிறந்தாலே நம் கடையில் கூட்டம் கூடிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் தேய்ந்த டயரைக் கழற்றிவிடுவது நம்மூர்க்காரர்களின் நல்ல பழக்கம். இந்த வருடம் வந்தவர்களில் பலர், அதிலும் ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ வைத்திருக்கும் தம்பிமார், ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, அகல டயரும் பெரிய அலாய் வீலும் போட்டா வண்டி ரோட்டைப் பிடிச்சிக்கிட்டுப் போகுமா?" வேலை நடுவே நின்று ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

போகும், ஓர் அளவு வரைக்கும். அந்த அளவைத் தாண்டினால் கொடுத்த காசுக்கு வண்டி கெடும்.

டயர் அகலமானால் தரையில் படும் ரப்பர் அப்படியே கூடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வண்டியின் எடையும் டயரின் காற்றழுத்தமும் மாறவில்லை என்றால் அந்தப் பரப்பு பெரிதாகக் கூடாது. தடத்தின் வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து அகலம் விரியும். கூடவே பக்கச்சுவர் உயரமும் குறைவதால் வளைவில் டயர் நெளிவது குறைகிறது. பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்புவதாகத் தோன்றுவது இதனால்தான். அந்தச் சுகம் உண்மையானது, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

மழையில் அதே அகலம் எதிராக வேலை செய்யும். அகல டயர் முன்னால் கிடக்கும் தண்ணீரை அதிகமாக ஒதுக்கித் தள்ள வேண்டும். வேகத்தில் தள்ள முடியாமல் போனால் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும், ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். அதற்கு 2023 டிசம்பரில் பெய்த மாதிரி பேய்மழை வேண்டியதில்லை. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் நாற்கரச் சாலையின் ஓரத்தில் ஒரு விரற்கடைத் தண்ணீர் தேங்கினால் போதும். அகலமாகப் போட்டவர்கள் தேய்ந்த டயரை வைத்து இழுத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. டயரின் மேல் வெட்டியிருக்கும் காடிக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டை வரைக்கும் காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

சரி, எந்த அளவு? ஸ்விஃப்ட்டின் மேல் ரகத்தில் கம்பெனி போட்டு வருவது 185/65 ஆர்15. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 120 மில்லிமீட்டர். மேலும் கீழும் அதைக் கூட்டி, ரிம்மின் 15 அங்குலத்தை, அதாவது 381 மில்லிமீட்டரையும் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் 621.5. இந்த மொத்த உயரம் மாறாமல் அகலத்தைக் கூட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. 195/55 ஆர்16 போட்டால் கணக்கு 620.9 வருகிறது. மீட்டரும் கியரும் எந்த வித்தியாசத்தையும் உணராது. பலேனோவிலேயே கீழ் ரகத்துக்கு 185/65 ஆர்15, மேல் ரகத்துக்கு 195/55 ஆர்16 என்று கம்பெனியே கொடுக்கிறது. வேறு சாட்சி வேண்டாம். இதற்கு மாறாக, போன மாதம் ஒரு தம்பி ஸ்விஃப்ட்டுக்கு 215/60 ஆர்16 கேட்டார். மொத்த உயரம் 664 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 7 சதவீதம் அதிகம். மீட்டரில் 100 காட்டும்போது வண்டி 107-ல் ஓடும். அது சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டு வளைவுக்குள் இடிக்காமல் சுற்றினால்தானே ஓடுவதற்கு!

17 அங்குலம் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 205/45 ஆர்17 போட்டாலும் மொத்த உயரம் 616 வருகிறது, கணக்குப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர்தான். கம்பெனி டயரைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குறைவு. பள்ளத்தில் விழும் அடியை வாங்க அங்கே காற்றும் ரப்பரும் போதாது. ஒரு வண்டி இங்கே வந்தது. முன் இடது டயரின் பக்கச்சுவரில் அரை எலுமிச்சம்பழம் ஒட்டியது போல வீக்கம். உள்ளே நூல் அறுந்து காற்று வெளித்தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. ரிம்மைப் பேலன்சிங் மிஷினில் மாட்டிச் சுற்றவிட்டதும் உள்விளிம்பு பம்பரம் சாயும்போது ஆடுவதைப் போல ஆடியது. ஆலங்குளம் போகிற வழியில் வண்ணம் அழிந்த வேகத்தடை ஒன்றை இரவில் கவனிக்கவில்லை என்றார். வாங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. அந்த டயரை ஒட்டிக் கொடுக்க வழியே இல்லை. தினமும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற வண்டிக்கு 17 வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அந்த வண்டியைப் பார்த்த பிறகுதான்.

அடுத்தது ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் மாட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. அகலத்தைப் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஐந்தரை அங்குல அகல ரிம்முக்குப் பதில் ஏழு அங்குல அகலத்தில் போட்டால், ஆஃப்செட் மாறாவிட்டாலும் உள்ளே 19, வெளியே 19 மில்லிமீட்டர் கூடும். ஆஃப்செட்டில் 10 குறைந்த ரிம் என்றால் வெளிப்பக்கம் 29 ஆகிவிடும். மட்கார்டைத் தாண்டிய டயர் சேற்றைக் கதவு முழுக்க அள்ளி அடிக்கும், வீல் பேரிங்கும் சீக்கிரம் ஊளையிடும். உள்ளே தள்ளினால் ஷாக் அப்சார்பரில் உரசும்.

இதற்காக இனிமேல் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பில் போடும் முன் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டி, மட்கார்டு வளைவின் உட்புறம் முழுக்க சாக்பீசைத் தேய்த்துவிடுவோம். நம் பையன்கள் நாலு பேரும் நீங்களும் ஏறிக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, கடை முன்னால் உள்ள வேகத்தடையில் ஏற்றி இறக்குவோம். பிறகு ஜாக்கி போட்டுப் பார்த்தால் சாக்பீஸ் அழிந்த இடம் பளிச்சென்று தெரியும். அழிந்திருந்தால் அந்த ரிம் உங்கள் வண்டிக்கு இல்லை. வண்டியில் ஒற்றை ஆள் ஓட்டிப் பார்த்து "உரசலை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போகும்போதுதான் அது உரசும்.

ஸ்பேசர், அதாவது சக்கரத்துக்குப் பின்னால் செருகும் தட்டு, வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளித் தரச் சொல்லி வருகிறார்கள். அதைச் செய்ய மாட்டோம். வேறு எங்கேயும் செய்யாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். போல்ட்டில் நட் ஏறும் மரை குறைந்துவிடுகிறது, அது உயிர் விஷயம். வெளிக்கடை அலாய்களில் நடு ஓட்டை பெரும்பாலும் பெரிதாக இருக்கும். அதற்கு ஏற்ற வளையம் போடாவிட்டால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் நிற்காது. வளையத்தை நாங்களே போட்டுத் தருகிறோம். நட்டை மட்டும் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வந்து இறுக்கிக்கொண்டு போங்கள், காசு கிடையாது.

டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545. கம்பெனி போட்டதைவிட ரொம்பக் குறைந்த எண்ணை விலை மலிவென்று வாங்க வேண்டாம். அப்புறம் தயாரித்த தேதி. 2324 என்று இருந்தால் 2024-ன் 23-வது வாரம். பாளையங்கோட்டை வெயிலில் குடோனில் கிடந்த பழைய ரப்பர், காடி ஆழமாக இருந்தாலும் கல்லாகிப் போயிருக்கும்.

மைலேஜ் கொஞ்சம் குறையும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். மாற்றியதை இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வருகிறவர்கள் காலையிலேயே, டயர் சூடேறும் முன் வாருங்கள். ஸ்டெப்னியை டிக்கியிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். நாலு சக்கரம் மாறிய பிறகு ஐந்தாவது எந்த அளவில் இருக்கிறது என்பதை நாம் இருவரும் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் டயர் கடை,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி