கர்ப்ப கால டிரெஸ்ஸ பால் கொடுக்கிறப்பவும் போடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கர்ப்பிணிகளுக்கான டிரெஸ் பத்தி எங்க கட்டுரை வந்தாலும் வயிறு தெரியாம இருக்கணும், அழகா இருக்கணும்னே எழுதுறாங்க, குழந்தை பிறந்த அப்புறம் அத என்ன பண்றதுன்னு யாரும் சொல்றதில்ல. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8ல இருந்து 12 தடவை பால் குடிக்கும், 6 மாசம் தாய்ப்பால் மட்டும்தான், அப்புறம் 2 வருஷம் வரைக்கும் கூட கொடுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அப்ப வாங்குற டிரெஸ் அதுக்கும் உதவணும்ல?

வாங்குறப்ப ஒரே ஒரு டெஸ்ட் போதும், ஒரு கையால ஜிப்பையோ பட்டனையோ திறந்து மூட முடியுதான்னு பாருங்க, ஏன்னா இன்னொரு கைல குழந்தை இருக்கும். முதுகுல ஜிப் வெச்ச கவுன் வேண்டவே வேண்டாம். மார்புக்கு கீழ தையல் வெச்சு அங்கிருந்து லூசா இறங்குறது, மடிப்புக்குள்ள சைடு ஜிப் மறைஞ்சிருக்கிறது, ரெண்டு லேயர் டாப், இதெல்லாம் வயிறு பெருசாகுறப்பவும் சரி, பால் கொடுக்கிறப்பவும் சரி, நல்லா உதவும். உலோக ஜிப்னா உள்பக்கம் துணிப்பட்டி இருக்கணும், இல்லன்னா குழந்தை கன்னத்துல உரசும். பால் கசிஞ்சா ப்ளெய்ன் கலர்ல பளிச்சுனு தெரியும், பிரிண்ட் போட்டதுன்னா அவ்வளவா தெரியாது. பிரா மட்டும் முன்னாடியே நிறைய வாங்கி அடுக்காதீங்க, பால் சுரக்க ஆரம்பிச்சதும் அளவு மாறிடும், இறுக்கமா போட்டா பால் கட்டிக்கவும் வாய்ப்பு இருக்கு.

உங்க பெண்கள் பக்கத்துல இத ஒரு தடவை படத்தோட போடுங்க சார்.

— ஒரு வாசகி