ஊக்கு தந்த அம்மையாருக்கு நன்றி

கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து சென்னை வந்து, பெரம்பூரில் அக்கா வீட்டில் தங்கி, மயிலாப்பூரில் என் கல்லூரித் தோழியையும் பார்த்துவிட்டு, கடந்த புதன்கிழமை அம்மாவுடன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தேன். 1851இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தின் வளாகம் பெரியது. அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. கொதிக்கும் தரையில் வெறுங்காலுடன் நடக்க முடியாமல் அவர் மரத்தடியில் நின்றபோது, பச்சை நூல் புடவை அணிந்திருந்த தாங்கள், நாங்கள் கேட்காமலேயே தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, தரையில் அமர்ந்து, வாரைத் துளைக்குள் செலுத்தி, அடிப்பக்கத்தில் ஊக்கை மாட்டி, இரண்டு முறை இழுத்தும் பார்த்துக் கொடுத்தீர்கள்.

பிறகு வெண்கலக் கூடத்துக்கு எங்களை அழைத்துச் சென்று, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு வலப்புறம் இரண்டு கைகளும் இடப்புறம் ஒரே கையும் இருப்பதைக் காட்டியதும் தாங்களே. (முன்பு இரண்டு முறை வந்திருந்தும் நான் கைகளை எண்ணிப் பார்த்ததில்லை.) பெயரைக் கேட்பதற்குள், பேரன் அழைக்கிறான் என்று சொல்லிச் சென்றுவிட்டீர்கள். புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும் கேளாமல், ஊர் திரும்பும்வரை அம்மா அந்த ஊக்கோடுதான் நடந்தார். தங்களுக்கு எங்கள் குடும்பத்தினர் அனைவரின் மனமார்ந்த நன்றி.