சுக்கானை நீ பிடி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு வாரம் படகில் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போங்கள்! உன் கேள்வியை இவரிடம் படித்துக் காட்டினேன். உடனே பழைய வரைபடங்களை எடுத்து மேசையில் விரித்துவிட்டார்.

முதலில் எங்கள் சேதி. பாய்மரப் படகை விற்றுவிட்டோம். கடலில் இரவு முழுவதும் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். இவருக்கு இப்போது தூக்கம் கெட்டால் தாங்குவதில்லை. கொடுத்த அன்று அழுதேன். இத்தனை ஆண்டுகள் எங்களைச் சுமந்த படகு அல்லவா. ஆனால் ஊர் சுற்றுவதை விடவில்லை. கடலை விட்டுக் கால்வாய்களுக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

முதல் பயணத்துக்குத் தென் பிரான்சிலுள்ள கனால் து மிதி என்ற கால்வாயைத்தான் சொல்வேன். அங்கே வாடகைப் படகு எடுக்க உரிமம் வேண்டாம். ஓட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தந்துவிடுவார்கள். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கரையில் சைக்கிளில் வருபவர்கள் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த வேகத்தில்தான் இவரும் நானும் நிறையப் பேசியிருக்கிறோம்.

துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல் கால்வாய் வற்றாமலிருக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்தக் கால்வாயைக் கட்டிய பியேர் பால் ரிக்கே மலை ஓடைகளைத் திருப்பி, ஓர் அணையில் தேக்கி, அந்த உச்சிக்கே கொண்டுவந்தார். அங்கிருந்து நீர் இரு பக்கமும் இறங்குகிறது. 1681-இல் கால்வாய் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அந்த உச்சியில் நின்றபோது இது என் மனத்தை மிகவும் வருத்தியது. கரையோரத்தில் நிற்கும் பிளேன் என்ற நிழல் மரங்களை நினைத்தாலும் அப்படித்தான் வருத்தமாக இருக்கிறது. 2006-இல் தெரியவந்த ஒரு பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டார்கள். நிழல் இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. இடையிடையே புதுக் கன்றுகள் நிற்கின்றன.

இப்போது முக்கியமான விஷயம். சுக்கானை நீ பிடி. பெரும்பாலான படகுகளில் கணவர் சுக்கானருகே நிற்பார், மனைவி கயிற்றோடு கரைக்குத் தாவுவாள். இது எனக்குச் சரியாகவே படவில்லை. உடல் பலம் கயிற்றுக்குத்தான் வேண்டும். சுக்கானுக்குப் பொறுமையும் கூர்ந்த பார்வையும் போதும். நாங்கள் மாற்றிக்கொண்ட பிறகு இருவருக்குமே படகு இன்னும் பிடித்துப்போனது. வேல்ஸில் பாண்ட்கிசில்டே என்ற நீர்ப்பாலம் இருக்கிறது. 1805-இல் கட்டியது. இரும்புத் தொட்டியில் தண்ணீர், அதில் படகு. கீழே 38 மீட்டர் ஆழத்தில் ஆறு. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அதைக் கடக்கும்போது சுக்கான் என் கையில்தான் இருந்தது. இவர் முன்னால் உட்கார்ந்து ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

லாக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. இரு பக்கமும் கதவு போட்ட தொட்டி அது; உள்ளே நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்குவார்கள். இறங்கும்போது கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. நீர் வடிய வடியப் படகு கயிற்றில் தொங்கிவிடும். தூணைச் சுற்றி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். லாக்கின் பின்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு இருக்கும். நீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அதன்மேல் உட்காராதபடி முன்னால் தள்ளியே நிறுத்து. இதை உன் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டு.

மே மாதமோ செப்டம்பரோ நல்லது. கோடை நடுவில் லாக்குகளில் வரிசை நிற்கும், குளிர்காலத்தில் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். தேதி முடிவானதும் எழுது. எங்கள் வரைபடங்களை அனுப்பிவைக்கிறேன். எங்கே கட்டினால் இரவு அமைதியாக இருக்கும் என்று இவர் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் தோழி