ஹெட் ஏறியது, வண்டி ஏறவில்லை

சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். கேமரன் மலையில் உங்கள் தானா ராத்தாவில் இந்த மாதம் விடாமல் மழை என்று போனில் சொன்னீர்கள். இங்கே வெயிலில் ஸ்பேனரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

காய்கறி லாரியில், சுங்கத்தில் காட்டி வரி கட்டிய சீட்டோடு, நீங்கள் அனுப்பிவைத்த சிலிண்டர் ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை) பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய்ப் பெற்றுக்கொண்டேன். முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே கோணிப்பையில் சுற்றிக் கிடந்தது. அதைத் தூக்கிய சந்தைத் தம்பி, இந்தக் கோஸ் இவ்வளவு கனமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஹெட்டை அனுப்பியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய கடிதம்தான் இது. ஆனால் அந்த ஹெட் என்னை ஒரு மாதம் அலையவிட்ட கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் ஹெட் 1964ஆம் ஆண்டு வண்டியில் இருந்தது. என் சீரீஸ் 3 வண்டி 1976ஆம் ஆண்டுடையது. இரண்டிலும் லேண்ட் ரோவரின் அதே 2286 சி.சி. பெட்ரோல் எஞ்சின்தான், சிலிண்டரின் குறுக்களவு 90.47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9. ஆகவே போல்ட் துளை, தண்ணீர் வழி, வால்வைத் தள்ளும் புஷ் ராட் துளை என எல்லாமே அச்சில் வார்த்ததுபோல் நேராக வந்து உட்கார்ந்தன. புதிய கேஸ்கட் வைத்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகும் முறைப்படி மூன்று சுற்றில் 65 அடி-பவுண்டு வரை இறுக்கி, டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கு மேல் விடும் சந்தை) நம் பட்டறைப் பேச்சில் பத்து தௌ, அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, வைத்து, சாவியைத் திருப்பினேன். இரண்டாவது திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை, சத்தம் இல்லை, ஒழுகலும் இல்லை. அன்று மாலை எனக்கு இருந்த கர்வத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இங்கே பழைய வண்டிகளுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவான வண்டிக்கு ஆண்டுக்கு 45 நாள்தான் சாலை என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சினைச் சரிபார்க்க வெளியே எடுத்தாலும் அதில் ஒரு நாள் போய்விடும். அப்படி ஒரு நாளைச் செலவழித்து மவுண்ட் ஃபேபர் சாலையில் ஏற்றிப் பார்த்தேன். கேமரன் மலையில் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை ஏறுகிறவருக்கு அது ஒரு மேடே அல்ல. ஆனால் இந்த ஊரில் எனக்குக் கிடைக்கும் மலை அதுதான். வழக்கமாக மூன்றாம் கியரில் முனகாமல் ஏறும் வண்டி, பாதி வளைவிலேயே இரண்டாம் கியரைக் கேட்டது. எஞ்சின் ஓட்டத்தில் நடுக்கமோ தவறலோ இல்லை. பலம் மட்டும் இல்லை. வயதானவர் படியேறுவதுபோல் மெல்ல ஏறிற்று. பின்னால் வந்த சுற்றுலாப் பேருந்துக்கு ஓரம் கொடுத்து ஒதுங்கி நின்றபோது எனக்கே வெட்கமாகப் போயிற்று.

முதலில் கார்புரேட்டரைச் சந்தேகித்தேன். அந்த ஸீனித் கார்புரேட்டரின் முகம் வளைந்துபோவதும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கசிந்து பெட்ரோல் மிகுதியாகப் போவதும் நாம் அறிந்த பழைய நோய்தானே. கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பிறகு நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டு சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜை வைத்தேன். நான்கிலும் முள் சதுர அங்குலத்துக்கு 125 பவுண்டை ஒட்டியே நின்றது. ஒன்றுக்கொன்று மூன்று நான்கு பவுண்டு கூட வித்தியாசம் இல்லை. இந்த ஒற்றுமைதான் என்னை யோசிக்க வைத்தது. ரிங் தேய்ந்திருந்தாலோ வால்வு எரிந்திருந்தாலோ ஒரு சிலிண்டர் குறையும், மற்றொன்று நிற்கும். நான்கும் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து குறையாது. ரிங் தேய்ந்திருந்தால் முள் ஏறும் என்று சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தும் முள் பெரிதாக நகரவில்லை. டைமிங் செயின் ஒரு பல் தள்ளி ஏறியிருந்தாலும் நான்கும் சமமாகக் குறையலாம் என்பதால் அதையும் திறந்து குறிகளை ஒத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தன. மிச்சம் இருந்தது உங்கள் ஹெட் மட்டும்.

உங்கள் காலத்து எஞ்சின் 7:1 அழுத்த விகிதத்துக்கு வார்த்தது, அதாவது பிஸ்டன் அடியில் நிற்கும்போது உள்ள இடம் உச்சியில் மிஞ்சும் இடத்தைப்போல் ஏழு மடங்கு; என்னுடையது 8:1. பிளாக் (சிலிண்டர்கள் உள்ள வார்ப்பு உடல்) ஒன்றே, போல்ட் ஒன்றே, கேஸ்கட் ஒன்றே. ஆனால் ஹெட்டின் அடியில் பெட்ரோல் எரியும் குழி வேறு. கணக்கு எளிதுதான். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 571.5 சி.சி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் மேல் மிஞ்சும் இடம் 8:1 எனில் 571.5ஐ ஏழால் வகுத்த 81.6 சி.சி.; 7:1 எனில் ஆறால் வகுத்த 95.25 சி.சி. ஏறத்தாழ 13½ சி.சி. வித்தியாசம், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. அவ்வளவு சிறிய இடம்தான் மவுண்ட் ஃபேபரில் என் மானத்தை வாங்கியது.

கணக்கை மட்டும் நம்ப மனம் வரவில்லை. விரிசல் கண்டு ஒதுக்கிய என் பழைய ஹெட்டையும் உங்களுடையதையும் பட்டறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, இரண்டையும் நீர்மட்டம் பார்த்துச் சமப்படுத்தினேன். ஒவ்வொரு குழியின் மேலும் கிரீஸ் தடவிய ஒரு பெர்ஸ்பெக்ஸ் தகட்டை ஒட்டி, அதில் போட்ட சிறு துளை வழியாக மருந்துக்கடை ஊசிக்குழலால் மண்ணெண்ணெய் விட்டேன். கடைசிக் காற்றுக்குமிழ் துளையருகே வந்து மெல்ல ஒதுங்கி மறையும் வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் அளவு பொய்யாகிவிடும். உங்கள் ஹெட்டின் குழி என்னுடையதைவிட 13 மில்லியும் சொச்சமும் கூடுதலாகக் குடித்தது. கணக்கும் கண்ணும் ஒத்துப்போன அந்த நேரத்தில், குறை கண்டுபிடித்த மகிழ்ச்சியும், ஹெட்டை இறக்கிவைத்த அன்றே இதைச் செய்திருக்கலாமே என்ற எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

இனி ஹெட்டின் அடி முகத்தை மட்டமாக வெட்டிக் குழியைச் சிறிதாக்குவதுதான் வழி. எவ்வளவு வெட்டுவது என்பதற்கும் மண்ணெண்ணெயே விடை சொன்னது. தகட்டை எடுத்துவிட்டு, என் பழைய குழி பிடித்த அளவை மட்டும் உங்கள் குழிக்குள் விட்டு, ஹெட்டின் முகத்திலிருந்து எண்ணெய்ப் பரப்பு எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று டெப்த் கேஜால் அளந்தேன். அந்த ஆழம்தான் வெட்ட வேண்டிய கனம். காக்கி புக்கிட்டில் இருக்கும் கடைசல் பட்டறைக்காரரிடம் ஒரே வெட்டில் முடிக்க வேண்டாம் என்று சொல்லி, இரண்டு தடவையாக வெட்டச் செய்து, நடுவே மறுபடியும் அளந்தேன். என் அவநம்பிக்கை அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

ஹெட் கீழே இறங்கினால் வால்வும் பிஸ்டனை நெருங்கும் அல்லவா? பேத்தியின் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டைப் பழைய கேஸ்கட்டோடு இறுக்கி, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றினேன். களிமண்ணில் பதிந்த தடத்தைக் கத்தியால் குறுக்கே அறுத்து அளந்தபோது இடம் தாராளமாகவே இருந்தது. புஷ் ராட் இப்போது ஒப்பளவில் நீளமாகிவிட்டதால் டேப்பெட் திருகுகளை வெகுவாக மேலே தளர்த்த வேண்டியிருந்தது. அவற்றிலும் மரை போதுமான அளவு மிச்சம் உண்டு. களிமண்ணைத் திருப்பிக் கொடுத்தபோது அது கறுத்துப் போயிருந்ததற்காகப் பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது நான்கிலும் 150க்குச் சற்று மேலே காட்டுகிறது. பிளக்கில் பொறி விழும் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டரில் புதிதாகச் சரிசெய்து, 95 பெட்ரோலில் கரகரப்பு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, சென்ற ஞாயிறு இன்னொரு நாளைச் செலவழித்தேன். மூன்றாம் கியரிலேயே மேலே போய்ச் சேர்ந்தது.

ஹெட்டோடு நீங்கள் அனுப்பிய பால்மாவு டப்பாவில் இருந்த போல்ட், நட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 5/16 அங்குலத்தில் மட்டும் மூன்று இனம் அதில் கலந்து கிடந்தன: அங்குலத்துக்கு 24 மரை உள்ள யு.என்.எஃப்., 22 மரை உள்ள பழைய பி.எஸ்.எஃப்., போதாததற்கு 8 மில்லிமீட்டர் மெட்ரிக். 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர் என்பதால் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். 22 மரை நட் 24 மரை போல்டில் ஒன்றிரண்டு சுற்றுக்கு விரலாலேயே போகும். அதன் பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைத் துரு என்று நினைத்து ஸ்பேனர் போடுகிறவன் போல்டையும் கெடுத்து பிளாக்கையும் கெடுப்பான். நானே ஒன்றில் அப்படிப் போகவிருந்து, கை ஏதோ சொல்ல, நிறுத்தினேன். 2017இல் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் நாம் சேர்ந்து பேரம் பேசி வாங்கிய மரை அளக்கும் தகடு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதை வைத்து மூன்றையும் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போட்டு, பெயரும் எழுதிவிட்டேன். நீங்கள் வரும்போது எடுத்துச் செல்லலாம்.

சென்ற ஆண்டு கிராங்கை அரைத்தபோதும் இப்படி ஒன்று நடந்தது. கிராங்கில் பத்து தௌ அரைத்து எடுத்ததால், அதற்கேற்பத் தடித்த பேரிங் வேண்டும். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) பெட்டியின் மேல் 010 என்று அச்சிட்ட பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) வாங்கி வந்தேன். பேரிங்கின் அரைவட்டத் தகடான ஷெல்லின் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் மாட்டியது என் பிழை. நல்லவேளையாக, எஞ்சினை மூடுமுன், நசுங்கும் அளவைக் கொண்டு இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விடவில்லை. மற்ற மூன்றிலும் இழை நாடாபோல் நசுங்கிப் பரவியிருக்க, மூன்றாம் சிலிண்டருடையதில் மட்டும் நூலாகவே கிடந்தது. ஷெல்லைப் பிரித்துப் பார்த்தால் கீழ்ப்பாதியின் முதுகில் 'ஸ்டாண்டர்ட்' என்று குத்தியிருக்கிறது. யாரோ பெட்டியைத் திறந்து மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொட்டகையில் கிடக்கும் எஞ்சினில் கிராங்கை பிளாக்கோடு பிடித்து நிறுத்தும் நடு மெயின் பேரிங் மூடி தொலைந்துவிட்டதென்றும், வேறொரு உடைந்த பிளாக்கிலிருந்து எடுத்த மூடி அப்படியே பொருந்துகிறதென்றும், அதைப் போட்டு ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பொருந்தத்தான் செய்யும், இரண்டும் ஒரே வார்ப்பு. ஆனால் தொழிற்சாலையில் மூடிகளை அந்தந்த பிளாக்கில் இறுக்கிய பிறகுதான் எல்லாத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கடைந்திருக்கிறார்கள். இன்னொரு பிளாக்கின் மூடி அந்தக் கோட்டிலிருந்து ஒரு மயிரிழை விலகி நிற்கும். பேரிங்கில் எண்ணெய்க்கு விட்டிருக்கும் இடமும் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். கிராங்க் இறுகும், அல்லது சில நூறு மைலில் ஷெல் உருகும். லைன் போரிங் செய்யும் பட்டறை ஈப்போவில் கிடைத்தால் அந்த மூடியோடு பிளாக்கையும் கொண்டுபோய் ஒன்றாகக் கடைந்து வாங்குங்கள். அந்தச் செலவுக்கு மனமில்லையென்றால் அந்த பிளாக்கை ஹெட் வைக்கும் மேசையாகப் பயன்படுத்துங்கள்.

ஐந்து பேரிங் கிராங்க் ஒன்று மலிவாக வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது 1980க்குப் பிந்தைய எஞ்சினுடையது. நம் பிளாக்குகளில் மூன்று பேரிங்குக்குத்தான் இருக்கை. ஆகவே அதில் மயங்கிப் போகவும் வழியில்லை. உட்காரவே உட்காராத பாகத்தைப் பற்றி எனக்கு ஒருபோதும் கவலை இருந்ததில்லை.

ஹெட்டோடு வந்த ஃப்ளைவீலை அடுத்த லாரியில் திருப்பி அனுப்புகிறேன். அது 9 அங்குல கிளட்சுக்கானது; என் வண்டியில் 9½. உங்கள் தோட்டத்து வண்டியில் ஜப்பானிய டீசல் எஞ்சின் ஏற்றியவர் கியர்பாக்ஸுக்கு நடுவே வைத்த இணைப்புத் தகட்டையும் ஒரு முறை டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். எட்டு மாதத்தில் இரண்டு முறை ஸ்பிகாட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் வளையம்) தேய்ந்தது என்றால், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே மையத்தில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புஷ் விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

ஒரு வேலை பாக்கி. உங்கள் கொட்டகையில் சீரீஸ் 3 வண்டியின் ஹெட் இன்னொன்று இருப்பதாக நினைவு. அதன் குழியை மேலே சொன்ன முறையில் ஊசிக்குழலால் அளந்து, நான்கு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலிலும் அளக்கலாம். தண்ணீர் மட்டும் வேண்டாம், வால்வு இருக்கைகள் துருப்பிடிக்கும். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பட்டறைத் தோழன்