மைப்படிகளுக்கு ஒரு கூரை: கல்லூரிக் கலை, ஆய்வுக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் நாம் படித்த அந்தச் சின்னக் கலைக் கல்லூரியை உங்களுக்கு நினைவிருக்கும். பழைய மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுமாக ஒன்பது பேர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். கல்லூரியில் ஓவியத் துறை இன்றும் கிடையாது, தொல்லியல் துறையும் கிடையாது. ஆனாலும் ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் தமிழும் வரலாறும் கணிதமும் படிக்கிற பிள்ளைகள் ஒன்றுகூடி, சுற்றுவட்டாரத்துக் கற்களையும் சுவர்களையும் கோலங்களையும் வரைந்தும் படியெடுத்தும் வருகிறார்கள். யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பஸ் கட்டணம் அவரவர் பையிலிருந்துதான்.

போன ஐப்பசி மழையில் அவர்கள் பொருள்களை வைத்திருந்த அறையின் கூரை ஒழுகியது. கல்லெழுத்தை மையால் தாளில் ஒற்றியெடுத்துச் சுருட்டி வைத்திருந்த 61 கல்வெட்டு மைப்படிகளில் 19 ஒன்றோடொன்று ஒட்டிக் கருங்கட்டியாகிவிட்டன. மைப்படியின் மை விளக்குக்கரியும் பிசினும் கலந்தது. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். எஞ்சிய 42 படிகள் இப்போது எங்களில் ஒருவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. (அவர் மனைவி பொங்கல் வரைதான் தவணை கொடுத்திருக்கிறார்.)

மைப்படி எடுப்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறோம். முதலில் கல்லை நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் முக்கால் உலர்ந்ததும் மை தோய்த்த துணிப்பொதியால் மெல்ல ஒற்ற வேண்டும். மேடெல்லாம் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். காற்றடித்தால் தாள் கிழியும். வெயில் ஏறினால் மை ஒற்றும் முன்பே காய்ந்து உரிந்துவிடும். ஆகவே விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே கொண்டுபோய் விட எந்த பஸ்ஸும் இல்லை.

ஓர் ஏரியின் தூம்புக் (மதகுக்) கல்லில் அப்படிப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்க வந்த பாட்டி ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தார். "புதையல் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா, அம்மாடி?" என்று கேட்டார். "இல்லை பாட்டி, இந்தத் தூம்பைக் கட்டிக்கொடுத்தவர் பெயர் இருக்கிறது" என்றாள் வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி. பாட்டி சற்று யோசித்துவிட்டு, "அந்தத் தண்ணீரில்தானே நாங்கள் நடவு நட்டோம்" என்றார். பிறகு தூக்கிலிருந்த கஞ்சியை எல்லாருக்கும் ஊற்றிக்கொடுத்தார். அந்தப் படியும் ஒழுகலில் போன பத்தொன்பதில் ஒன்று.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் பிள்ளைகள் படியெடுப்பதில்லை. அதற்கு முறையான அனுமதி வேண்டும். அங்கே பார்ப்பதும் வரைவதும் மட்டுந்தான். நம் மாவட்டத்தில் அப்படிப் பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள திருநாதர்குன்றில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள் ஒரே பாறையில் இரு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடமான நிசீதிகையும் அங்கேதான். கீழ்வாலையில் பாறைமேல் செங்காவியில் மனித உருவங்கள்.

பனைமலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலின் சிறு சன்னிதி ஒன்றின் சுவரோவியத்தில், ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றி, தலைக்குமேல் குடையோடு பார்வதி நிற்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சிவனின் ஆட்டம் ஏறக்குறைய முழுதும் உதிர்ந்துவிட்டது. தமிழ் படிக்கும் மாணவன் ஒருவன் பதினோரு சனிக்கிழமைகள் அந்தத் தரையில் உட்கார்ந்து பென்சிலால் அவளை வரைந்திருக்கிறான். எது கோடு, எது சுவரின் விரிசல் என்று பிரித்தறியவே முதல் மூன்று வாரம் போயிற்றாம். விரிசல்களையும் விடாமல் வரைந்திருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் குழுவே உருவானது.

இன்னொரு மாணவி, கணிதம் படிப்பவள், தன் தெருவில் போட்ட சிக்குக் கோலங்களைச் சேகரித்திருக்கிறாள். மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்து எல்லாப் புள்ளிகளுக்கும் இடையே பின்னினால் ஒரே கம்பியில், அதாவது முறியாத ஒரே கோட்டில், கோலம் முடிந்துவிடும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு கம்பி வேண்டும். கம்பிகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி என்பதை அவள் வரைந்து வரைந்தே கண்டுகொண்டாள். ஏற்கெனவே தெரிந்த விஷயந்தான், ஆனால் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலங்களுக்குக் கணித இலக்கணம் வகுத்தவர். மாமல்லபுரச் சிற்பங்களையும் தமிழ் பிராமி எழுத்துகளையும் ஆராய்ந்தவரும் அவரே. துறைகளுக்கு நடுவே வேலி போடாத அந்தப் படிப்பு நம் ஊரிலும் நடக்கிறது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இனிக் கணக்கு. மைப்படிகளையும் படங்களையும் மடிக்காமல் கிடத்தி வைக்க அகன்ற இழுப்பறைகள் கொண்ட இரும்பு அலமாரிக்கு 85,000 ரூபாய். அமிலமில்லாத அட்டையில் ஏற்றிச் சட்டமிட 90,000. பெரிய தாள் கொள்ளும் ஸ்கேனருக்கு 45,000. ஆய்வுக் கட்டுரைகளும் வண்ணப் படங்களும் சேர்ந்த மலரை 500 படிகள் அச்சிட 1,10,000. விடியற்காலைப் பயணங்களுக்கு வேன் வாடகை, ஓராண்டுக்கு 48,000. ஐந்து ஊர்களில் கண்காட்சி நடத்த 40,000. ஆக மொத்தம் 4,18,000 ரூபாய். எங்கள் ஒன்பது பேரின் பங்கும் பழைய வகுப்புத் தோழர்கள் தந்ததும் சேர்ந்து 1,36,000 கையில் இருக்கிறது. மீதி 2,82,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். கூரையைக் கல்லூரி நிர்வாகமே இந்தக் கோடையில் சரிசெய்துவிட்டது.

கண்காட்சியைக் கல்லூரி அரங்கில் நடத்தினால் போதாதா என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். செலவு பாதியாகும், உண்மைதான். ஆனால் அந்தக் கல் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரார் பார்க்க வேண்டும். வயலோரம் குப்புறக் கிடக்கும் பலகைக்கல் தவ்வை, கொற்றவை போன்ற பழைய பெண் தெய்வம் என்று தெரிந்தால், அதை அடுத்த வீட்டுத் துணி துவைக்கும் கல்லாக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே ஊர் ஊராகத்தான் போகப்போகிறோம்.

பிள்ளைகள் படியெடுப்பவற்றில் பெரும்பாலானவை நன்கொடைக் கணக்குகள்தாம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 96 ஆடு கொடுத்ததாகச் சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும். நாங்கள் ஆடு கேட்கவில்லை. ஐம்பது ரூபாயானாலும் ஐம்பதாயிரமானாலும் கொடுத்தவர் பெயர் மலரில் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் இடம்பெறும். தஞ்சைப் பெரிய கோயிலில் "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று தொடங்கி, "மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்றுதான் ராஜராஜன் ஆணையிட்டான். பெயர் வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிட்டால் போதும்.

பணத்தைக் கல்லூரி அலுவலகத்தில் நேரில் செலுத்தி எண்ணிட்ட ரசீது பெற்றுக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவர்கள் குழுவின் பெயருக்குக் காசோலை அனுப்பலாம். நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல. அதனால் 80ஜி வரிச் சலுகைக்கான சான்று தர இயலாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வரவு செலவு மாதந்தோறும் நூலகப் பலகையில் ஒட்டப்படும். பணம் மிஞ்சினால் அடுத்த ஆண்டின் வேன் வாடகைக்குப் போகும்.

பணமாகத் தர இயலாதவர்கள், சட்டம் போடத் தெரிந்த ஆசாரி யாரையாவது அறிந்திருந்தால் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ களத்துமேட்டிலோ எழுத்துள்ள கல் கிடந்தால் அதையும் சொல்லுங்கள். சுண்ணாம்பு மட்டும் அடித்துவிடாதீர்கள். தூம்புக் கல்லுக்கு மறுபடி மைப்படி எடுக்கப் பிள்ளைகள் தை முதல் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் போகிறார்கள். உடன் வர விரும்புவோர் ஸ்வெட்டர் எடுத்து வரவும்.

இப்படிக்கு,
கலை, ஆய்வுக் குழுவினர்